ஆறு பிள்ளைகள், இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிறேன். பாடசாலை விழாவுக்குக் கர்ணன் கதையைக் கூத்தாகப் பழக்கக் கேட்டேன், சரி என்றார்கள். ஆனால் ஆறு பிள்ளைகள்தான், இருபது நிமிடம்தான். என் அப்பப்பா விடிய விடிய மத்தளம் அடித்தவர். அவருடைய மத்தளம் வீட்டில் இருக்கிறது, அது மேடையில் ஒலிக்க வேண்டும் என்று ஆசை. இப்படிக் கொத்திக் குறைத்துச் செய்வதைவிடச் செய்யாமலே விடலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

விட்டுவிடாதீர்கள். விடிய விடிய ஆடிய கூத்தும் குறைகளுக்குள் வளர்ந்ததுதான். கூத்து ஆடும் வட்டமான களமாகிய வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். பின்திரை கட்ட இடமில்லை, அந்தக் காலத்தில் ஒலிபெருக்கியும் இல்லை. அதனால் வருகிறவன் தான் யாரென்று வரவுப்பாட்டிலேயே சொல்ல வேண்டும், எல்லாப் பக்கமும் முகம் காட்டிச் சுழன்று ஆட வேண்டும். அவன் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவனுக்கு மூச்சு வரும், மறுபக்கம் இருப்பவருக்கும் பாட்டு விளங்கும். இன்று நாம் அழகென்று சொல்வதில் பாதி இந்த இல்லாமைகளிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் குறை மட்டும் கலையாகிவிடாது, பிடிவாதமும் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ மேடையேற்றியபோது, இராக்கூத்தை ஒருபக்கம் மட்டும் சனம் இருக்கும் மண்டப மேடைக்கு ஏற்பச் சுருக்கினார். படித்தவர்களின் மேடையிலும் கூத்து நிற்க வேண்டும் என்ற வைராக்கியம் அவருக்கு. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று காட்டியது அதுதான். பிறகு, அங்கே மாணவராக இருந்த நம் மட்டக்களப்பு சி. மௌனகுரு ‘இராவணேசன்’ எழுதினார். அதில் இராவணனின் மனசே கூத்தானது.

உங்களிடமும் அந்தப் பிடிவாதம் இருக்கிறது, அப்பப்பாவின் மத்தளம். அதை வைத்தே வெட்டுங்கள். கர்ணன் சாகும் பதினேழாம் நாள் போர் வேண்டாம். குந்தி கர்ணனிடம் வரம் கேட்கும் இடம் ஒன்று போதும். நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடாதே என்கிறாள் தாய். அப்படியே ஆகட்டும் என்கிறான், தன் சாவென்று தெரிந்தும். இதற்கு இரண்டு பேர் போதும். மத்தளத்துக்கு ஒருவர், தாளம் போடும் சல்லரிக்கு ஒருவர், பிற்பாட்டுக்கு இருவர். ஆறு பேரும் சரி. அவன் சம்மதிக்கும் இடத்தில் பாட்டை நிறுத்தி மத்தளத்தை மட்டும் பேச விடுங்கள்.

மத்தளத்தின் தோலையும் வாரையும் இப்போதே கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரிடம் காட்டுங்கள். நெடுநாள் சும்மா கிடந்தால் வார் தளர்ந்திருக்கும். ஒத்திகை தொடங்கியதும் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.