"என் மூடியைக் காப்பியடித்துவிட்டார்கள், வழக்குப் போடலாமா?"

கேள்வி: கோவையில் இன்ஜெக்ஷன் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். காலி மதுபாட்டிலில் போலிச் சரக்கை நிரப்பி விற்பதைத் தடுக்க ஒரு மூடி வடிவமைத்தேன். 2023 ஜனவரியில் நானே ஆன்லைனில் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) புரொவிஷனல் விண்ணப்பம், அதாவது முதல்கட்ட விண்ணப்பம் போட்டேன். அப்போது கோலி, வால்வு இரண்டும்தான் இருந்தன. வளைந்த தடுப்புத் தகடு பிறகு சேர்த்தது. ஜூன் மாதம் ஒரு பேக்கேஜிங் கண்காட்சியில் ஸ்டால் போட்டோம். உள்ளே இருப்பது தெரியும்படி அக்ரிலிக்கில் செய்த வெட்டு மாதிரியைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள், வீடியோவும் யூடியூபில் போட்டோம். ஒரு வெளிமாநில மது நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுவிட்டு டிராயிங்கை வாங்கிப் போனார். ஆகஸ்டில் 5,000 மூடிகளை பில் போட்டுக் கொடுத்தேன். டிசம்பரில் முழு விவரத்தோடு கம்ப்ளீட் விண்ணப்பம் தாக்கல் செய்தேன். அதன்பின் ஆர்டர் வரவில்லை. இப்போது வேறொரு கம்பெனி அதே மூடியை அவர்களுக்குச் செய்து தருகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து மோல்ட் செய்தவன் நான். அந்த மூடியை வாங்கும் மற்ற நிறுவனங்களுக்கும் "இது பேட்டன்ட் மீறல், வழக்கு வரும்" என்று வாட்ஸ்அப்பில் எச்சரித்திருக்கிறேன். என் மூடியில் "பேட்டன்டட்" என்று பொறித்திருக்கிறேன். காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கை சமீபத்தில் வந்திருக்கிறது. நிறுவனம் பேச்சுக்குக் கூப்பிடுகிறது, நான் மறுத்துவிட்டேன். மோசடிப் புகாரும் நஷ்டஈடு வழக்கும் போட வேண்டும்.

பதில்: மேலாளர் உங்கள் வீட்டில் சாப்பிட்டது, நகை அடகில் இருப்பது, அதன்பின் ஆர்டர் வராதது, இவை எதையும் நீதிமன்றத்தில் சொல்ல இடம் கிடைக்காது. மோசடிப் புகாரையும் மறந்துவிடுங்கள். காப்புரிமை மீறல் நம் நாட்டில் குற்ற வழக்கே அல்ல, சிவில் விவகாரம். உங்களிடம் மூடி வாங்கிப் பணமும் கொடுத்தவர் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தார் என்று காவல் நிலையத்தில் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது இரண்டே தகவல்கள். தடுப்புத் தகடு புரொவிஷனலில் இல்லை. ஜூன் மாதம் அதன் வெட்டு மாதிரியை ஊருக்கே காட்டியிருக்கிறீர்கள்.

பலரும் நினைப்பதுபோல ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே தேதி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும், அதாவது விண்ணப்பத்தில் நீங்கள் உரிமை கேட்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும், தனித்தனி முன்னுரிமைத் தேதி உண்டு. காப்புரிமைச் சட்டம் 1970-ன் 11-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். புரொவிஷனலில் நீங்கள் விவரித்த விஷயத்துக்கு ஜனவரித் தேதி கிடைக்கும். அதில் இல்லாமல் டிசம்பரில் முதன்முதலாகச் சேர்த்த விஷயத்துக்கு டிசம்பர்தான் தேதி. கோலிக்கும் வால்வுக்கும் ஜனவரி, தகட்டுக்கு டிசம்பர்.

இதில் எதற்கு மதிப்பு என்று பாருங்கள். கோலியை வைத்து பாட்டிலை அடைப்பது ஹைரம் காட் 1870-களில் காப்புரிமை வாங்கிய யோசனை, நம் கோலி சோடா பாட்டில் அதன் வாரிசு. திரவம் வெளியே வரும், உள்ளே போகாது என்ற வகை மது மூடிகளுக்கு அமெரிக்காவிலேயே நூறு வருடங்களுக்கு முன்பே காப்புரிமைகள் குவிந்துவிட்டன. உங்கள் ஆய்வறிக்கையில் பழைய வெளிநாட்டுக் காப்புரிமைகளை மேற்கோள் காட்டியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கோலியும் வால்வும் தனித்தனியே பழைய வேலையையே செய்கின்றன என்றால், 3(எஃப்) பிரிவின்படி அது கண்டுபிடிப்பே இல்லை என்றுகூட அலுவலகம் சொல்லலாம்.

புதிதாக நீங்கள் செய்தது தகடுதான். பாட்டிலைக் கவிழ்த்தால் சரக்கு வெளியே வர வேண்டும், அதற்கு உள்ளே காற்று போக வேண்டும். அந்தக் காற்று வழியில்தான் போலிச் சரக்குக்காரன் புகுவான். கோலியை எவ்வளவு இறுக்கமாகச் செய்தாலும் இந்த வழியை அடைக்க முடியாது, அடைத்தால் வாடிக்கையாளருக்கு ஊற்றவே வராது. வழியை அடைக்காமல், அழுத்தம் கொடுத்தாலும் திரவம் ஏறாதபடி வளைத்துவிட்டீர்கள். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தகட்டுக்கு டிசம்பர் தேதி, அதற்கு முன்பே பொதுவில் தெரிந்துவிட்டது புதியது ஆகாது. ஜூன் மாதம் அது அக்ரிலிக் மாதிரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உங்கள் சொந்தக் கண்காட்சியே உங்கள் காப்புரிமைக்கு எதிரான முதல் சாட்சி. மூடியை மூடியாகவே காட்டியிருந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம். வெட்டு மாதிரி அந்த வாதத்தையும் எடுத்துவிட்டது.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, தகட்டின் படத்தோடு இன்னொரு புரொவிஷனல் போட்டிருக்கலாம். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். இரண்டு புரொவிஷனலையும் ஒரே கம்ப்ளீட்டில் சேர்க்க 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. கண்காட்சிக்குக் கிளம்பும் மற்ற வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு மாதிரியை மேசையில் வைக்கும் முன் அது நீங்கள் தாக்கல் செய்த தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிவிலக்குகள் இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, உங்களுக்குப் பொருந்தாது. 31-ஆம் பிரிவு ஒரு வருட அவகாசம் தருகிறது. அது மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும். தனியார் நடத்தும் பேக்கேஜிங் கண்காட்சியில் ஸ்டால் வாடகை கட்டிய ரசீது அந்தக் கதவைத் திறக்காது. 32-ஆம் பிரிவு நியாயமான பரிசோதனைக்காக மட்டும் பொதுவில் பயன்படுத்தியதை மன்னிக்கிறது. நீங்கள் கொடுத்தது டாக்ஸ் இன்வாய்ஸ். டெலிவரி சலானில் "டிரையலுக்கு மட்டும்" என்று எழுதி, விலை போடாமல் அனுப்பியிருந்தால் கொஞ்சம் பேசலாம். 5,000 மூடிகளுக்குப் பணமும் வாங்கியபின் அது பரிசோதனை என்று சொல்வது கஷ்டம்.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் இழந்தது ஒரு பக்கம், இனி இழக்கப்போவது அதைவிடப் பெரிது.

அந்த வாட்ஸ்அப் செய்திகளை இந்த நிமிடமே நிறுத்துங்கள். உங்களிடம் இருப்பது விண்ணப்பம், காப்புரிமை அல்ல. காப்புரிமை வழங்கப்படும் வரை மீறல் வழக்கே போட முடியாது என்று 11ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வழங்கியபின், விண்ணப்பம் வெளியிடப்பட்ட தேதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம், அது வேறு. வழக்குப் போட உரிமை வராத நிலையில் வழக்கு வரும் என்று மூன்றாம் நபர்களை மிரட்டியிருக்கிறீர்கள். 106-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஆதாரமில்லாத மிரட்டலால் பாதிக்கப்பட்ட யாரும், மிரட்டல் நியாயமற்றது என்ற அறிவிப்பும், தடையாணையும், நஷ்டஈடும் கேட்டு உங்கள்மீது வழக்குப் போடலாம். கடிதமோ, விளம்பரமோ, வாய்மொழியோ, எல்லாம் அதில் அடங்கும். வாட்ஸ்அப் எழுத்துமூலம்தான், நீல டிக்கோடு தேதியும் நேரமும் அதிலேயே இருக்கிறது. விண்ணப்பம் இருக்கிறது என்று தகவல் மட்டும் சொல்லியிருந்தால் தப்பு இல்லை. "வழக்கு வரும்" என்றீர்கள், அதுதான் வில்லங்கம்.

நான் பார்த்த சிறு தொழில்காரர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கோபத்தில் நாலு வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போகும். எதிரி தன் ஆர்டர் ரத்தான கணக்கைக் கொண்டுவந்து நிற்பார். திருட்டுக் கொடுத்தவர் பிரதிவாதியாகி, தன் காப்புரிமையைக் காப்பதற்குப் பதில் தன் வீட்டைக் காக்க வக்கீல் வைப்பார்.

அடுத்தது மூடியில் "பேட்டன்டட்" என்ற எழுத்து. காப்புரிமை கிடைக்காத பொருளில் கிடைத்துவிட்டதாகப் போடுவது 120-ஆம் பிரிவில் வருகிறது. 2023-ன் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம், தொடர்ந்தால் நாளுக்கு 1,000 ரூபாய் கூடுதல். மோல்டில் அந்த எழுத்தை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற பொருள்படப் பொறிக்கலாம். ஸ்டாக்கில் உள்ள பழைய மூடிகளை விற்க வேண்டாம், நஷ்டம் தெரிந்தே சொல்கிறேன்.

யூடியூப் வீடியோவை அழிக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு ஏற்கனவே இறக்கி வைத்திருக்கும். தேதியைக் காட்டும் ஆதாரத்தை நீங்கள் அழித்தது தெரிந்தால் நீதிபதி நீங்கள் சொல்லும் வேறு எதையும் நம்பமாட்டார்.

ஆய்வாளருக்குக் கண்காட்சி தெரியாது, காப்புரிமை கிடைத்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், அந்த மேலாளருக்குத் தெரியும். வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கியபின்னும் ஒரு வருடம் சம்பந்தப்பட்டவர் எதிர்க்கலாம். அதையும் தாண்டி நீங்கள் கோவை மாவட்ட நீதிமன்றத்தில் மீறல் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு 64-ஆம் பிரிவில் ரத்து கேட்கும். அந்த நிமிடத்திலிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறும். வாங்கிய காப்புரிமை செல்லும் என்று நம் சட்டத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை. மிர்சாப்பூர் பாத்திரத் தயாரிப்பாளர்கள் இருவருக்கு இடையிலான பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், 1951-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் செல்லாததாகிப் போனது. பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துப் படிக்கிறோம். இத்தனை வருடம் வழக்கு நடத்த உங்கள் யூனிட் தாங்காது.

சரி, கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, டிராயிங். கண்காட்சியில் தெரிந்தது வடிவம். அளவுகள், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் சிறு வித்தியாசம்), பிளாஸ்டிக் கிரேடு, மோல்டின் உள்விவரம் இவை தெரியவில்லை. அவற்றை நம்பிக்கையில் வாங்கிப்போய் இன்னொருவருக்குக் கொடுத்தது ரகசிய மீறல். எழுத்துப்பூர்வ ரகசிய ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சூழ்நிலையிலிருந்து அந்தக் கடமை பிறக்கும். 1987-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கில், தீவன உற்பத்தி இயந்திரத்தின் டிராயிங்கைப் பெற்று அதே மாதிரி செய்தவர்களுக்குத் தடை விதித்தது. டிராயிங்கை எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதைப் பத்திரப்படுத்துங்கள். கையில் கொடுத்திருந்தால், அதை ஒப்புக்கொள்ளும் அவர்கள் பதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கடையில் வாங்கிய மூடியை அளந்துதான் செய்தோம் என்று அவர்கள் சொல்வார்கள். டிராயிங்கில் இருந்த ஏதாவது ஒரு பிழை அவர்கள் மூடியிலும் இருந்தால் அது உங்களுக்குத் தங்கம்.

டிராயிங்குக்குப் பதிப்புரிமை கேட்கலாமே என்று யாராவது சொன்னால் கவனம். டிசைனாகப் பதிவு செய்யத்தக்கதைப் பதிவு செய்யாமல் 50 முறைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு அதைப் பறித்துவிடும். நீங்கள் 5,000 செய்திருக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் எது பதிப்புரிமையில் வரும், எது டிசைன் என்று பிரிக்கும் சோதனையை உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்த்துத்தான் முடிவு.

ரகசிய மீறல் என்ற அந்த ஒரு துருப்பை வைத்துத்தான் பேசப் போக வேண்டும். மறுத்தது தவறு, திரும்பக் கூப்பிடுங்கள். அவசரத் தடை கேட்காத வணிக வழக்கு என்றால் எப்படியும் முதலில் மத்தியஸ்தத்துக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே போய் வக்கீல் கட்டணம் கொடுத்து உட்காருவதைவிட இன்று உட்காருவது மலிவு.

என்ன கேட்பது? மோல்ட் செலவு முழுதும். இனி அவர்கள் வாங்கும் மூடியில் ஒரு பங்கு உங்கள் யூனிட்டில் செய்ய வேண்டும் என்று ஆண்டுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை. விண்ணப்பத்தின் உரிமத்துக்கு ஒரு தொகை, எழுத்துமூலம். எழுத்தில் இல்லாத உரிமம் காப்புரிமைச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி செல்லாது. வாட்ஸ்அப் மிரட்டல் தொடர்பாக அவர்களும், அவர்களுக்கு மூடி செய்து தருகிற கம்பெனியும் உங்கள்மீது எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டோம் என்று கையெழுத்து. இது வராமல் மற்றதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர்கள் தரும் ஒப்பந்தத்தில் ஒரு சரத்தைத் தேடிப் பாருங்கள், மூடி ஒப்பந்தங்களில் இருக்கக்கூடியது. "இந்த மூடி மறுநிரப்பலைத் தடுக்கும், தடுக்கத் தவறினால் நிறுவனத்துக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் சப்ளையர் ஈடு செய்வார்." இதில் கையெழுத்திட்டவர்களின் நிலைமை உங்களை விட மோசம். எங்கோ ஒரு ஊரில் போலிச் சரக்கு பிடிபட்டால், பிராண்டின் பெயர் கெட்டதற்கும் கலால் பிரச்சனைக்கும் கோவையில் இருக்கும் மோல்டிங்காரர் பணம் கட்டுவார். நிரப்ப முடியாத மூடி உலகத்தில் இல்லை, உங்களுக்கே தெரியும். திறந்தால் தெரியும், நிரப்ப நேரமும் செலவும் பிடிக்கும், அவ்வளவுதான் எந்த மூடியும் தரும் வாக்கு. ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்பு மாதிரிக்கு ஏற்றபடி செய்து தருவது மட்டும். குறைபாடுள்ள மூடிக்கு மாற்று மூடி, அல்லது அந்த மூடியின் விலை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேச்சு உடைந்தாலும் பரவாயில்லை.

இதற்கிடையில் ஆய்வறிக்கைக்குப் பதில் அளிக்க, அலுவலகம் அதை அனுப்பிய தேதியிலிருந்து ஆறு மாதம். பேச்சு நடக்கும்போது விண்ணப்பம் உயிரோடு இருக்க வேண்டும், கைவிட்டதாகிவிட்டால் உரிமம் கொடுக்க ஒன்றும் இருக்காது. கண்காட்சி பற்றி ஒரு காப்புரிமை ஏஜென்டிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் பதில் தயாரியுங்கள். கோரிக்கைகளை எதுவரை குறுக்கலாம் என்று அவர் பார்க்கட்டும்.

ஆகஸ்டில் பாட்டிலிங் லைனில் மூடியை ஓட்டியபின் ஏதாவது மாற்றியிருப்பீர்கள். இதுவரை யாருக்கும் காட்டாத, உங்கள் விண்ணப்பத்திலும் வராத மாற்றம் ஏதாவது இருந்தால், பேச்சுக்குப் போகும் முன் அதைப் புது விண்ணப்பமாகப் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி கைக்கு வந்தபின் மேலாளரைச் சந்தியுங்கள்.