ஒகோனோமியாகி சாஸுக்கு மாற்று: புளியும் பேரீச்சம்பழமும்

கேள்வி: முட்டைக்கோஸ் வைத்து ஒகோனோமியாகி (கல்லில் சுடும் ஜப்பானிய அடை) செய்யப் பழகிவிட்டேன். மேலே பூசும் சாஸ்தான் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. சோயா சாஸை ஊற்றினால் உப்புக் கரிக்கிறது. வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சோயா சாஸை மட்டும் ஊற்றினால் கரிக்கத்தான் செய்யும்; ஏனெனில் நீங்கள் தேடும் சாஸின் அடிப்படைச் சுவை உப்பு அன்று, பழத்தின் இனிப்பும் புளிப்புமே. இங்கிலாந்தின் வூஸ்டர் சாஸை எடுத்துக்கொண்டு, இனிப்பையும் கெட்டித்தன்மையையும் கூட்டி ஜப்பானியர் தங்கள் நாவுக்கேற்ப மாற்றியமைத்தது அது. ஹிரோஷிமாவின் ஒடாஃபுகு நிறுவனம் 1952-இல் ஒகோனோமியாகிக்கென்றே ஒரு சாஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இனிப்புக்காக அதில் பேரீச்சம்பழம் சேர்க்கிறார்கள். மூலமான வூஸ்டர் சாஸிலோ நம் புளியே இருக்கிறது.

விதை நீக்கிய 4 பேரீச்சம்பழங்களை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய நீரில் கொஞ்சம் விட்டு மைய அரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். அந்த விழுதுடன் 4 மேசைக்கரண்டி தக்காளி கெச்சப், 1 தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், 2 தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், ஒரே ஒரு கிராம்பின் பொடி ஆகியவற்றைக் கலந்து, சிறு தீயில் 3 நிமிடம் கிளறுங்கள். புளியின் பச்சை வாசனை போய், ஓரங்களில் குமிழ்கள் சோம்பலாக வெடிக்கத் தொடங்கும்போது இறக்கிவிடலாம். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். ஆறியபின் இன்னும் இறுகும் என்பதால் அதற்கு மேல் சுண்டவிட வேண்டாம்.

சோயா சாஸின் உப்பு பாட்டிலுக்குப் பாட்டில் மாறுபடும். ஆகவே முதலில் பாதியை மட்டும் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். பேரீச்சம்பழத்துக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். என்னைக் கேட்டால் வேண்டாம்; வெல்லத்தின் மணம் மற்றெல்லாவற்றையும் அமுக்கிவிடும். சீரகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அது சேர்ந்த நொடியில் கையில் இருப்பது பேல்பூரிச் சட்னி. வீட்டில் வூஸ்டர் சாஸ் இருந்தால் புளியையும் கிராம்பையும் விட்டுவிட்டு அதில் 2 மேசைக்கரண்டி ஊற்றினால் போதும்.

ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். இரு புறமும் வெந்த பிறகே சாஸைப் பூசுங்கள். முன்னதாகப் பூசினால் அதிலுள்ள சர்க்கரை கல்லில் பட்டுக் கருகிக் கசக்கும்.