ஐஸ் ஹோட்டலில் அம்மாவோடு தங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் அம்மா எங்களோடு இருக்க வருகிறார். அப்போது ஸ்வீடனில் உள்ள ஐஸ் ஹோட்டலில் மூன்று இரவு தங்கலாம் என்பது என் மனைவியின் ஆசை. அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். ஐஸ் கட்டிலில் படுப்பது அவருக்குச் சரிப்பட்டு வருமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மூன்று இரவும் ஐஸ் அறையில் வேண்டாம், ஒன்று போதும். மற்ற இரவுகளுக்கு அதே வளாகத்தில் ஹீட்டர் உள்ள சாதாரண அறைகள் கிடைக்கும். மூவரும் ஒரே மாதிரி அறை எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை.

இந்த ஹோட்டல் இருப்பது கிருணா நகருக்குப் பக்கத்தில், யுக்கஸ்யார்வி என்ற சிற்றூரில். ஆர்க்டிக் வட்டத்திலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். வெளியே மைனஸ் 30 டிகிரி வரை போகும். ஐஸ் அறைக்குள்ளோ மைனஸ் 5 முதல் 8 வரைதான். காரணம் சுவர்தான். பனியையும் ஐஸையும் கலந்து, வளைவான இரும்பு அச்சுகள் மேல் பீய்ச்சி, இறுகியதும் அச்சை உருவிவிடுவார்கள். அந்தக் கலவைக்குள் சிக்கிய காற்று குளிரை உள்ளே விடாது. கண்ணாடிபோல் தெரியும் தூண்களும் சிற்பங்களும் வேறு சரக்கு. டோர்னே ஆறு உறைந்திருக்கும்போது மார்ச் வாக்கில் பாளம் பாளமாக அறுத்து, கோடை முழுக்கக் குளிர்கிடங்கில் வைத்திருந்த ஐஸ் அது. ஓடும் நீர் மேலிருந்து மெல்ல உறைவதால் குமிழி அதிகம் தங்காது, அதனால்தான் அந்தத் தெளிவு.

கட்டிலின் அடிப்பகுதி மட்டுமே ஐஸ். அதன் மேல் மெத்தை, அதற்கு மேல் ரெயின்டீர் தோல், பிறகு ஸ்லீப்பிங் பேக். உடம்பு ஐஸில் படவே படாது. சிரமம் தருவது வேறு: பெரும்பாலான ஐஸ் அறைகளுக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். கழிப்பறை பக்கத்துச் சூடான கட்டடத்தில். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரவில் இரண்டு மூன்று தடவை எழ வேண்டியிருக்குமே, அதைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் கெட்டுப்போனது என்றே அர்த்தம். உருகிய பிறகும் போடக்கூடாது. ஐஸ் அறைக்குள் கொண்டுபோகாமல் சூடான கட்டடத்திலேயே வையுங்கள். வெளியே நடக்கும்போது உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி இருக்கட்டும். குளிரில் குளுக்கோமீட்டரும் சரியாக வேலை செய்யாது, சூடான இடத்தில்தான் பார்க்க வேண்டும். நடுக்கம் வந்தால் ‘குளிர்தானே’ என்று விட்டுவிடாதீர்கள், சர்க்கரை இறங்கினாலும் நடுங்கும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் குளிர் கடிப்பதே தெரியாது. அப்படியானால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

உடைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். படுக்கும்போது போட, உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை ஒரு செட், கம்பளி சாக்ஸ், காதை மூடும் தொப்பி போதும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் குளிரும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் போனாலும் இதே கதைதான். முகத்தை வெளியே வைத்து மூச்சு விடுங்கள். போனை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சார்ஜ் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று: ஏன் டிசம்பர்? அங்கே அந்த மாதம் சில வாரங்கள் சூரியன் உதிக்கவே உதிக்காது, ஐஸ் சுவர் வழியாக வெளிச்சம் வரும் அழகும் கிடைக்காது. உங்களுக்கும் மனைவிக்கும் என்றால் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் என்பேன். பகலும் இருக்கும், இரவில் துருவ ஒளி தெரியவும் வாய்ப்பு உண்டு. அம்மாவையும் சேர்த்துத்தான் என்றால் என் ஓட்டு ஜூனுக்கு. 1989 முதல் குளிர்காலந்தோறும் கட்டி, வசந்தத்தில் உருகவிடும் ஹோட்டல் இது. ஆனால் 2016-ல் ஆண்டு முழுக்க இயங்கும் பகுதி ஒன்றும் திறந்தார்கள். கோடையில் அங்கே நள்ளிரவிலும் மறையாத சூரியனிலிருந்து சோலார் மின்சாரம் எடுத்து அதைக் குளிர வைக்கிறார்கள். உள்ளே அதே மைனஸ் 5, ஆனால் கழிப்பறைக்கு எழுந்தாலும் ஊருக்குள் நடந்தாலும் உறைபனி இருக்காது.

டிசம்பர் டிக்கெட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், அம்மாவுக்குச் சூடான அறை போடுங்கள். பகலில் ஐஸ் அறைகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவார்கள், எல்லாவற்றையும் அவர் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.