பட்டாளத்து வீட்டில் ஆட்டிசப் பிள்ளை: கேட்டதும் சொன்னதும்

என் கணவர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நான் சிறப்பாசிரியர், அவர் மாற்றலாகிப் போன கன்டோன்மென்ட்களில் எல்லாம் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் மூத்த மகனுக்கு ஆட்டிசம், இப்போது மீசை முளைத்த ஆள். பட்டாளத்துக் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மருந்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது மருத்துவரின் வேலை.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. ராணுவ மருத்துவமனையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யூனிட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, பதவி உயர்வு கெட்டுவிடும் என்கிறார் கணவர். (அம்பாலாவிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் கணவரின் மருத்துவத் தரம் அவருடைய உடம்பையும் மனத்தையும் பற்றியது. மகனுக்கு ஆட்டிசம் என்பதால் அப்பாவின் ஷேப்-1, அதாவது முழுத் தகுதி என்ற மருத்துவத் தரம், மாறிவிடாது. இந்தப் பயத்தாலேயே பல வீடுகளில் இரண்டு, மூன்று வருடங்கள் வீணாகப் போயிருக்கின்றன. பயிற்சி நன்றாகப் பிடிக்கும் வயதும் அதுதான்.

பட்டாளம் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாது. முதலில் பிள்ளையின் பெயர், வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட்-2 ஆர்டரில் பதிவாகியிருக்கிறதா, எழுத்துகள் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இன்று மாறிப்போன ஓர் எழுத்து ஓய்வூதியக் காலத்தில் வந்து வழிமறிக்கும். அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழும், மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ராணுவ மருத்துவமனை அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அது மட்டும் போதாது. யுடிஐடிக்கு அரசு அறிவித்திருக்கும் மருத்துவ அதிகாரியிடம், வழக்கமாக மாவட்ட அரசு மருத்துவமனைக்கு, போக வேண்டும். ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலின் 40 கேள்விகளை வைத்து மதிப்பிடுவார்கள். அன்றைக்குப் பார்த்துப் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் எடுத்த வீடியோக்களைக் கொண்டுபோங்கள், கௌரவம் பார்த்து எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். சான்றிதழ் இருந்தால் பள்ளி செல்லும் பிள்ளைக்கான கல்விப் படியும் இரட்டிப்பாகும். 2024 ஜனவரியிலிருந்து அது மாதம் 5,625 ரூபாய்.

கேள்வி: நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக், இப்போது குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத ஃபீல்டில் இருக்கிறேன். சிறப்புப் பள்ளி உள்ள இடத்துக்கு மாற்றல் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், தம்பி. கருணை அடிப்படையில் விண்ணப்பம் எழுதி, கமாண்டிங் ஆபீசர் வழியாக வெலிங்டனில் உள்ள உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சான்றிதழ், மருத்துவ அறிக்கை, பள்ளியின் கடிதம் எல்லாம் இணைத்திருக்க வேண்டும். கிடைத்தே தீரும் என்று எண்ண வேண்டாம். கிடைத்தாலும் சில காலத்துக்குத்தான். ஆகவே இன்னொரு வழியையும் யோசியுங்கள்: நல்ல பள்ளி உள்ள ஊரில் குடும்பத்துக்கு எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் (வீரரைப் பிரிந்து வாழும் குடும்பத்துக்கான வீடு) கேட்டு வாங்கி அங்கேயே இருக்கவிடுவது. மனைவிக்குத் தனிமை, உங்களுக்குப் பிரிவு. ஆனால் பிள்ளையின் ஆசிரியர் மாறமாட்டார்.

தரைப்படையில் ஆஷா, கடற்படையில் சங்கல்ப், விமானப்படையில் உமீத் என்று படைவீரர் குடும்ப நலச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகள் உண்டு. பெயர்ப் பலகையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே பாடம் சொல்லித் தருபவர்களிலும் பலர் என்னைப் போன்ற பட்டாளத்து மனைவிகள், எங்களுக்கும் மாற்றல் வரும். பேச்சுப் பயிற்சியாளர் இப்போது இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. செகந்திராபாத்திலிருந்து ஜம்முவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. போன முறை வீடு மாறியபோது மாதக் கணக்கில் சரியாகத் தூங்கவில்லை, பேசிய சில வார்த்தைகளும் நின்றுவிட்டன. இந்த முறை எப்படித் தயார்செய்வது?

பதில்: அழுவாளே என்று மறைத்து வைத்துவிட்டு, லாரி வந்து நிற்கும் காலையில் தெரியவிடுவதுதான் பலர் செய்வது. அழட்டும், முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அழட்டும். பெரிய காலண்டரில் இந்த வீட்டின் படம், ரயில், புது வீட்டின் படம் மூன்றையும் அந்தந்தத் தேதியில் ஒட்டுங்கள். தினமும் இரவில் அவளே ஒரு கட்டத்தை அடிக்கட்டும். முன்னால் போகும் கணவர் புது வீட்டை வீடியோ எடுத்து அனுப்பட்டும்: வாசல், குளியலறைக் குழாய், மின்விசிறி போடும் சத்தம், அவள் படுக்கப்போகும் மூலை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள்.

கறுப்பு டிரங்குப் பெட்டிகளைக் கட்டும்போது அவளுடைய பொருள்களை லாரியில் ஏற்றவே வேண்டாம். சாமான் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போர்வை, தலையணை உறை, தட்டு, டம்ளர் எல்லாம் உங்கள் கையோடு ரயிலில் வரட்டும். உறையைத் துவைத்துவிடாதீர்கள், பழைய வாசனை இருக்க வேண்டும். பக்கவாட்டு பெர்த்து வேண்டாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள். உள்பக்கக் கீழ் பெர்த்து கிடைத்தால் நடு பெர்த்திலிருந்து போர்வையைத் தொங்கவிடுங்கள். அவளுக்குத் தனி அறை கிடைத்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் அவள் மூலையைத் தயார்செய்யுங்கள். சாப்பாடு இரண்டு நாள் யூனிட் சமையற்கூடமான லங்கரிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வரும், அதற்குத்தானே கன்டோன்மென்ட். புதுப் பள்ளி, புதுப் பயிற்சியாளர், கழிப்பறைப் பழக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இடமாற்றத்தின் அழுத்தத்தில் பேச்சு குறைவது உண்டு, பெரும்பாலும் திரும்பிவிடும். வாரங்கள் கடந்தும் திரும்பாவிட்டாலோ, வலிப்பு போல ஏதாவது கண்ணில் பட்டாலோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, அவளைப் பற்றி ஒரே ஒரு பக்கம், இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘தலையைத் தொட்டால் பிடிக்காது. பசித்தால் கன்னத்தைத் தட்டுவாள். குக்கர் விசில் கேட்டால் ஓடுவாள். கோபம் வந்தால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.’ இப்படி. மருத்துவ அறிக்கை பத்துப் பக்கம் இருந்தாலும் புது ஆசிரியர் முதல் நாளில் படிக்கப்போவது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து விடுமுறையில் வந்தேன். மகன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீடியோ காலில் என்னைப் பார்த்துச் சிரித்தவன்தான். (ஹவில்தார், சியாச்சின் பகுதியிலிருந்து வந்தவர்)

பதில்: ஃபோனில் இருந்த அப்பா உள்ளங்கை அளவு. வாசலில் வந்து நின்றவர் ஆறடி, புது வாசனை, கனத்த பூட்ஸ், மேலும் அவன் தூங்கும் இடத்தில் படுத்துக்கொள்கிறார். கட்டிப்பிடிக்காதீர்கள். அவன் தரையில் சக்கரம் உருட்டினால் நீங்களும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஒன்றை உருட்டுங்கள். குளிப்பாட்டுவது, உப்புமூட்டை தூக்குவது என்று ஏதாவது ஒரு வேலை தினமும் அதே நேரத்தில் உங்களுடையதாக இருக்கட்டும். கிளம்பும் நாளை மட்டும் அவனிடம் மறைக்காதீர்கள், காலண்டர் யோசனை இங்கேயும் உதவும். வந்த மகிழ்ச்சியில் அவனுடைய அட்டவணையை உடைத்துவிட்டு, விடுமுறை முடிந்ததும் மனைவி தலையில் கட்டிவிட்டுப் போகிற அப்பாக்களை எனக்கு நிறையத் தெரியும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: வீட்டில் தமிழ், வெளியே இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழை நிறுத்திவிடுங்கள் என்கிறார் பேச்சுப் பயிற்சியாளர்.

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பயிற்சி எந்த மொழியிலும் நடக்கட்டும். உங்களுக்குத் தாலாட்டவும் திட்டவும் கொஞ்சவும் வருகிற மொழி தமிழ். தட்டுத் தடுமாறும் இந்தியில் அம்மா குறைவாகத்தான் பேசுவாள். பள்ளிப் படிப்பில் மொழிச் சுமை வேறு விஷயம். அங்கே சி.பி.எஸ்.இ. மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு தருகிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு.

கேள்வி: பேரனுக்கு இப்படி ஆனது மருமகள் செல்போன் கொடுத்து வளர்த்ததால்தானா? (கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: இல்லை, அம்மா. செல்போனும் காரணமில்லை, தடுப்பூசியும் காரணமில்லை, மருமகளும் காரணமில்லை. பிள்ளையின் மூளை வளர்ச்சியிலேயே அமைந்த வேறுபாடு இது. செல்போனைக் குறைப்பது நல்லதுதான், பிள்ளை மனிதர்களோடு கூடுதல் நேரம் இருப்பான். மகன் எல்லையில் இருக்கும்போது மருமகளுக்கு இருக்கும் ஒரே ஆள் நீங்கள். வாரத்தில் ஒரு மதியம் பேரனை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ஆட்டிசத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. ஆய்வாக நடத்தினால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

கேள்வி: மகன் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுகிறான். குவார்ட்டர்ஸ் பக்கத்தில் குளம் இருக்கிறது.

பதில்: கதவின் மேல் பகுதியில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இன்றே போடுங்கள். அவன் படத்தையும் உங்கள் எண்ணையும் காவலர்கள் இருக்கும் கார்டு ரூமிலும் எல்லா கேட்டுகளிலும் கொடுங்கள். ‘பெயர் சொன்னால் பதில் வராது, கத்தினால் இன்னும் வேகமாக ஓடுவான்’ என்பதையும் சொல்லுங்கள். காவலுக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் அவ்வப்போது நினைவூட்ட வேண்டும். காணாமல் போனால் முதலில் குளத்துக்கு ஓடுங்கள், பிறகுதான் மற்ற இடங்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: அடுத்த வருடம் ஓய்வு பெற்று வேலூருக்கு வருகிறேன். மகனுக்குப் பதினாறு வயது. எங்கள் காலத்துக்குப் பிறகு அவனைத் தங்கை பார்த்துக்கொள்வாள். என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: யூனிட்டை விட்டு வருவதற்குள் மகனின் சான்றிதழ் ஆவணங்களில் ஏறிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு அதே வேலைக்கு நாலு மடங்கு அலைச்சல். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சாதாரணமாக மகனுக்கு 25 வயதுவரைதான் சிகிச்சை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. சேரும்போதே அப்படிப் பதிவு செய்யுங்கள். அவசரம் இல்லாத எந்தச் சிகிச்சைக்கும் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்கள் ஓய்வூதிய ஆணையிலேயே மகனின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வருமான நிபந்தனையை 2021-இல் தளர்த்தியிருக்கிறார்கள்: மற்ற வருமானம், கிடைக்கக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்துக்குக் குறைவாக இருந்தால் போதும்.

பலர் கவனிக்காதது பதினெட்டாவது பிறந்தநாள். அன்றோடு சட்டப்படி நீங்கள் அவனுடைய காப்பாளர் இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை வாங்கலாம். எல்லாருக்கும் அது தேவைப்படாது. தன் பணத்தையும் முடிவுகளையும் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைக்கு வேண்டாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. சிகிச்சைக்கு சி.எம்.சி.யின் வளர்ச்சிக் குறைபாட்டுப் பிரிவு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தொழிற்பயிற்சி பற்றி விசாரிக்க சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தங்கை பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளைக் கேட்டீர்களா?

கேள்வி: நான் சென்னையில் மத்திய அரசு ஊழியர், கணவர் ராணுவத்தில். எனக்கும் மாற்றல் போட்டிருக்கிறார்கள்.

பதில்: மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான மாற்றலிலிருந்து விலக்கு கேட்க 2014 முதல் அரசாணை இருக்கிறது, ஆட்டிசமும் அதில் அடக்கம். சீருடையில் இருக்கும் கணவருக்குப் பொருந்தாதது உங்களுக்குப் பொருந்தும். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: யூனிட் பார்பரிடம் முடிவெட்டப் போனால் ஊரே கூடும் அளவுக்குக் கத்துகிறான். என்ன செய்வது?

பதில்: மிஷின் வேண்டாம், கத்தரி போதும். கூட்டமில்லாத நேரத்தில் பார்பரையே வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். முதல் சில தடவை அவர் வெட்டவே வேண்டாம், சீப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகட்டும். அப்பா முதலில் உட்கார்ந்து வெட்டிக்கொள்வதை அவன் பார்க்கட்டும். கழுத்தில் விழும் முடிதான் சிலருக்குப் பெரிய தொந்தரவு. ஈரத் துணி கையில் இருக்கட்டும். அதுவரை முடி நீளமாகவே இருக்கட்டும், அவனுக்கு என்ன நாளைக்குக் காலையில் பரேடா?