ஓரின் கெர் யார் பக்கம்?

வணக்கம் சார்,
அமெரிக்க சட்டப் பேராசிரியர் ஓரின் கெர் பத்தி ரொம்ப உயர்வா எழுதியிருந்தீங்க. ஆனா நம்ம தகவல் ஒரு கம்பெனி கையில போயிட்டா அமெரிக்க போலீஸ் வாரண்ட் இல்லாமலே அதை வாங்கலாம்ங்கிற கோட்பாட்டை ஆதரிச்சு 2009ல கட்டுரை எழுதினதும் அவர்தானே? அவரை ஏன் கொண்டாடணும்?
– ஒரு சட்ட மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஆமா, அவர்தான். ஆனா அதுல அவர் கேக்குறதைக் கவனிங்க. முன்னெல்லாம் குற்றம் பண்றவன் வீட்டைவிட்டு வெளிய வந்தாகணும், தெருவுல போலீஸ் அவனைப் பார்க்கலாம், இப்ப அதே வேலையை வீட்டுக்குள்ள இருந்தே போன்ல முடிச்சிடுறான், கம்பெனிகிட்ட இருக்குற பதிவும் வாரண்ட் இல்லாம கிடைக்காதுன்னா, முன்னாடி வெளிய தெரிஞ்ச பாதியும் மறைஞ்சிடும், அப்புறம் விசாரணையை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுங்கிறார். எனக்கும் இதுல முழு சம்மதம் இல்ல, ஏன்னா இன்னைக்கு போன் இல்லாம யாரும் வாழ முடியாது. ஆனா கேள்வி நேர்மையானது.

2011ல இதையே பெருசாக்கினார். டெக்னாலஜி போலீஸ் கையை ஓங்க வெச்சா கோர்ட் பாதுகாப்பைக் கூட்டும், குற்றவாளி கையை ஓங்க வெச்சா தளர்த்தும், நாலாவது திருத்தத்தோட (நியாயமில்லாத போலீஸ் சோதனையைத் தடுக்குற அமெரிக்க அரசியல் சட்டப் பிரிவு) வரலாறே இந்த சரிக்கட்டல்தான்னு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட 2014 ரைலி தீர்ப்பை இப்படிப் பார்த்தா சட்டுனு புரியும்: கைதானவன் பாக்கெட்டைத் துழாவலாம், போனைத் திறக்க வாரண்ட் வேணும், 9 நீதிபதிகளும் ஒரே முடிவு.

அதே கோர்ட்ல 2018 கார்ப்பென்டர் வழக்குல அரசுக்கு ஆதரவா மனு போட்டார், ஒருத்தரோட 127 நாள் செல்போன் லொகேஷனை போலீஸ் வாரண்ட் இல்லாம கம்பெனிகிட்ட வாங்கின விவகாரம், வாரண்ட் வேணும்னு தீர்ப்பாகி 5க்கு 4னு அவர் பக்கம் தோத்துச்சு. உடனே அந்தத் தீர்ப்பை எப்படி அமல்படுத்தணும்னு உட்கார்ந்து எழுதினார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசு.

உரிமைக்கு எதிரானவர்ங்கிறதை மட்டும் ஏத்துக்க மாட்டேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு சட்டத்துக்கு வந்தவர், 1998லேருந்து 2001 வரை நீதித்துறை அமைச்சகத்துல கம்ப்யூட்டர் குற்றப் பிரிவு வக்கீல். அப்படிப்பட்டவர் மைஸ்பேஸ்ங்கிற சமூக வலைத்தளம் சம்பந்தப்பட்ட வழக்குல அரசுக்கு எதிரா, குற்றம் சாட்டப்பட்டவங்க பக்கம் நின்னார், காசு வாங்காம. போலிக் கணக்கால ஒரு 13 வயசுப் பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்ட வழக்கு, ஊரே கொதிச்சிட்டு இருந்துச்சு, ஆனா வெப்சைட் விதியை மீறினாலே ஹேக்கிங் குற்றம்னு ஆனா கோடிக்கணக்கான பேர் குற்றவாளியாயிடுவாங்க. 2009ல நீதிபதி, குற்றவாளின்னு வந்த தீர்ப்பை ரத்து பண்ணார்.

ரைலி, கார்ப்பென்டர் ரெண்டையும் முழுசா படிங்க, கார்ப்பென்டர்ல நீதிபதி கென்னடி எழுதின மாறுபட்ட தீர்ப்போட சேர்த்து (கெர் ஒரு காலத்துல அவர்கிட்ட கிளார்க்கா, அதாவது சட்ட உதவியாளரா இருந்தவர்). அப்புறமும் மறுப்பு இருந்தா எழுதுங்க, கண்டிப்பா போடுறேன்.