சாப்பிட்டதும் நெஞ்சு திடீரென்று வேகமாக அடிக்கிறது. வாயுவா, நரம்பா, இதயமா?

வயிறு நிறையச் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கிறது, பெரிய ஏப்பம் விட்டால் சில நேரம் சட்டென்று நின்றுவிடுகிறது, ஈசீஜி எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள், வீட்டில் வாயு என்கிறார்கள், டொக்டர் "யோசிக்கிறீங்கள், அதுதான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சமிபாட்டுக்கும் நரம்புக்கும் இதயத் துடிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. ஆனால் அந்தத் தொடர்பைச் சொல்லியே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நீங்கள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண்களிடம் "யோசிக்கிறீங்கள்" என்று இவ்வளவு லேசாகச் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். இதயத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். இந்த வருத்தத்தோடு பல வருடம் இருந்தவள், கிளினிக்கில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். அந்தத் தகுதி போதும்.

முதலில் தொடர்பு. மூளையிலிருந்து நேரே புறப்படுகிற பன்னிரண்டு சோடி நரம்புகளில் பத்தாவதுக்குப் பெயர் வேகஸ் நரம்பு. அது கழுத்து வழியாக இறங்கி இதயம், உணவுக்குழாய், இரைப்பை, குடல் எல்லாவற்றுக்கும் கிளை கொடுக்கிறது. இதயத்தை நிதானமாக அடிக்க வைப்பதும் அது, இரைப்பையை வேலை செய்ய வைப்பதும் அது. அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. வயிறு உப்பியிருக்கிறது என்ற செய்தி மேலே போவதும், இதயத்துக்குக் கட்டளை கீழே வருவதும் ஒரே நரம்புக்குள்தான். அதோடு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்துக்குக் கீழே இரைப்பை இருக்கிறது, இதயம் அதற்கு மேலே. சோறும் காற்றும் சேர்ந்து வயிறு ஊதினால் உதரவிதானம் மேலே தள்ளப்படும். லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் வைத்தியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள், ஆனால் பல டொக்டர்மார் அதைத் தனி நோயாக எடுப்பதில்லை. பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு குடலுக்குக் கூடுதல் இரத்தம் போக வேண்டும் என்பதால் சுகதேகியான ஆளுக்கும் துடிப்பு கொஞ்சம் கூடும். ஆகவே வாயு என்று சொன்ன உங்கள் வீட்டு ஆட்கள் இல்லாததைச் சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. வரும், அரை மணித்தியாலம் அடிக்கும், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக நின்றுவிடும். ஈசீஜி சுத்தமாக இருக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போது எடுக்காத ஈசீஜியில் அது எப்படித் தெரியும்?

ஒரு டொக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியை இன்னும் மறக்கவில்லை. எத்தனை நிமிடம் அடிக்கிறது, எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது என்று எதுவும் கேட்கவில்லை. "கடைசிச் சண்டைக்க இருந்தனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று 2009 மே வரை இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்த சனம்தானே நாங்கள். அதற்குப் பிறகு அவர் என் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. அந்தத் தாக்கம்தான் என்று நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். வன்னி ஆளுக்குத் தலை இடித்தாலும் சண்டை, வயிறு எரிந்தாலும் சண்டை, நெஞ்சு அடித்தாலும் சண்டை. நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். அதைக் காரணமாக வைத்து எங்கள் உடம்பைப் பார்க்காமல் விடுவது எந்த வகையில் நியாயம்?

இதை வாசித்துவிட்டு மனநல சிகிச்சைக்கு நான் எதிரி என்று யாரும் வர வேண்டாம். என் அக்காவை நிமிர்த்தியது அந்தச் சிகிச்சைதான். பயம் அட்ரினலினைக் கூட்டும், அட்ரினலின் துடிப்பைக் கூட்டும் என்பதும் உண்மை. உடம்பைப் பார்த்துவிட்டு மனதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அப்புறம் அந்தக் காலபோக நெல் வெட்டு. மெசின் வயலுக்கு வர மத்தியானம் கழிந்துவிட்டது. வேலையாட்களுக்குச் சாப்பாடு கொடுத்து, எல்லாரும் எழும்பிய பிறகுதான் நான் இருந்தேன். பசியில் சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அவசரமாகச் சாப்பிட்டு, குளிர்ச் சோடா ஒன்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிடாரத்தைத் தூக்கக் குனிந்தேன். ஒரு துடிப்பு வழக்கம்போல் அடித்தது, அடுத்ததிலிருந்து ஓட்டம். கழுத்தில் அடிப்பதை எதிரே நின்ற மச்சாளே கண்டுவிட்டாள். மாமி ஓமத்தண்ணி காய்ச்ச ஓடினார். என் வீட்டுக்காரர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடித்தார். 2018இல் வடக்குக்கு வந்த அந்த இலவச அம்புலன்ஸ் இல்லாவிட்டால் அன்றும் ஓட்டோ தேடித் தேடியே அந்த ஓட்டம் நின்றிருக்கும், அன்றும் ஈசீஜி சுத்தமாக வந்திருக்கும்.

சின்ன ஆஸ்பத்திரிதான். அங்கே நின்ற நேர்ஸ் பிள்ளை என்னைக் கண்டதும் "கதையைப் பிறகு கேப்பம் அக்கா, முதல்ல வயரைப் போடுவம்" என்றாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். நிமிடத்துக்கு 180ஐத் தாண்டிய துடிப்பு அப்படியே கடதாசியில் விழுந்தது. டொக்டர் ஒரு 10 மில்லி சிரிஞ்சைத் தந்து, உள்தண்டு அசைகிற அளவுக்குப் பதினைந்து செக்கன் ஊதச் சொன்னார். உடனே கட்டிலைத் தாழ்த்திப் படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு கணம் ஒன்றுமே இல்லை, ஒரு பெரிய அடி, பிறகு எல்லாம் வழமை. இங்கிலாந்தில் ஆராய்ந்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்ட முறை இது. வெறுமனே இருந்துகொண்டு ஊதியவர்களில் 17 வீதம் பேருக்குத்தான் துடிப்பு வழமைக்கு வந்தது, படுத்துக் காலைத் தூக்கியவர்களில் 43 வீதம் பேருக்கு வந்தது. இதற்கும் நிற்காவிட்டால் அடினோசின் என்ற ஊசி இருக்கிறது.

இப்போது உங்கள் ஏப்பத்துக்கு வருகிறேன். ஏப்பம் விட்டதும் சட்டென்று நின்றால் அது வாயுதான் என்று எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள். சிரிஞ்சை ஊதும்போது நடப்பது என்ன? மூச்சைப் பிடித்து முக்குகிறோம், வேகஸ் நரம்பு உசுப்பப்படுகிறது, அது இதயத்தின் ஓட்டத்தை அறுத்துவிடுகிறது. முக்கி ஏப்பம் விடும்போதும், சத்தி எடுக்கும்போதும் அதே நரம்புதான் உசுப்பப்படுகிறது. ஆகவே ஏப்பத்தோடு நிற்கிறது என்பதை வாயுவுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். எனக்கிருந்த எஸ்விடியும் அப்படி நிற்கக் கூடியதுதான்.

எஸ்விடி என்பது இதயத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்புகிற அதிவேகத் துடிப்பு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்குகிற இடத்தில் எனக்கு ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழி. பிறவியிலேயே அப்படி. ஒன்றால் இறங்கி மற்றதால் ஏறி, அந்தத் துடிப்பு அங்கேயே சுற்றத் தொடங்கினால் இதயம் 150, 200 என்று ஓடும். அதைக் கிளப்பிவிட இடம் பிசகிய ஒரே ஒரு துடிப்பு போதும். வயிற்று உப்பல், குனிதல், நித்திரையின்மை, கடும் தேத்தண்ணீர், பயம் எதுவும் அந்தப் பிசகிய துடிப்பை உண்டாக்கலாம். வயிறு கிளப்பிவிடுகிறது. ஓட வழி இருப்பது இதயத்தில்.

கொஞ்சக்காலம் குளிசை போட்டேன். பிறகு கொழும்பில், தொடை மடிப்பிலுள்ள நாளத்தால் மெல்லிய வயரை இதயத்துக்குள் அனுப்பி அந்த மேலதிக வழியைச் சூட்டால் அடைத்தார்கள். இந்த வகை எஸ்விடிக்கு நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. இதயத்தின் சாதாரண வழி பாதிக்கப்பட்டு துடிப்பைக் கொடுக்கிற பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டி வருகிற ஆபத்து மிகச் சிறிய அளவில் இருக்கிறது, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, எந்தக் குளிசையை நிறுத்த வேண்டும் என்று அங்கே தந்த துண்டு முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. 1987இல் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தத்திலேயே தமிழும் அரசகரும மொழி என்று எழுதியாகிவிட்டது. வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். அவளிடம் எனக்கு நன்றிதான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கடதாசிக்குப் பக்கத்துக் கட்டிலில் நல்ல மனம் கிடைக்க வேண்டும் என்பது என்ன ஏற்பாடு?

சரி, உங்களுக்கு வருகிறேன். இப்போதும் விசேஷ வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டால் எனக்குப் படபடக்கும். ஆனால் மெல்லக் கூடி 100, 105 வரை போய் மெல்ல இறங்கும். இதுதான் சாப்பாட்டால் வருவது. சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது வேறு. நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஒழுங்காக ஓடுகிறதா தாறுமாறாக அடிக்கிறதா என்றும் பாருங்கள். தாறுமாறாக அடித்தால் அது இன்னொரு வகை, அதற்கு மருந்து வேறு. இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றோட்டத்தால் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு பிசகும், ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதற்காக டொக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. சிரிஞ்ச் ஊதுவதை டொக்டர் என்ன வருத்தம் என்று சொன்ன பிறகு செய்யுங்கள். கழுத்தைப் பிசைகிற வேலை வேண்டவே வேண்டாம். தலை சுற்றி விழுந்தால், நெஞ்சு நொந்தால், மூச்சு முட்டினால் ஓமத்தண்ணிக்கு நிற்காமல் 1990. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பே வாயு மாதிரித்தான் வரலாம்.

அடிக்கும்போதே ஈசீஜி எடுக்க வேண்டும் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், வரிசையில் இருக்கச் சொன்னாலும் விடாமல் சொல்லுங்கள். அடிக்கடி வருகிறதென்றால் ஒரு நாள் முழுக்க உடம்பில் கட்டி வைக்கிற ஹோல்டர் மெசினைப் பற்றிக் கேளுங்கள். ஈசீஜி கிடைத்ததும் அந்தத் துண்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அது சூட்டில் அச்சாகிற கடதாசி, எங்கள் பக்கத்து வெக்கைக்கு மங்கிப் போகும்.