வாசகர் கேள்வி பதில்: பேப்பர் மேப்பும் மூணு டிபார்ட்மென்டும்

கேள்வி: சார், எங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி, பொது சுகாதாரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணும் சேர்ந்து குடிதண்ணில இருக்கற ஃப்ளோரைடு பத்தி ஒரு ப்ராஜெக்ட் பண்றோம். மீட்டிங்ல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியவே மாட்டேங்குது. ஆராய்ச்சி பேப்பர்களை கிளஸ்டரிங் பண்ணி, அதாவது ஒரே மாதிரி இருக்கறதை கூட்டம் கூட்டமா பிரிச்சு, மேப்பா போட்டா உதவும்னு கம்ப்யூட்டர்காரங்க சொல்றாங்க. நிஜமாவே உதவுமா, இல்ல கலர் படம் காட்டற வேலையா? (ஒரு ஆராய்ச்சி மாணவி)

பதில்: உதவும்மா, ஆனா பல இடத்துல கலர் படத்தோடயே நின்னுடுது. மேப்ப ப்ரொஜெக்டர்ல போடுவாங்க, எல்லாரும் "ஆஹா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

உள்ள நடக்கறது இவ்வளவுதான். ஒவ்வொரு பேப்பரோட அப்ஸ்ட்ராக்டையும் (முதல்ல வர்ற சுருக்கம்) நம்பரா மாத்தறாங்க. பழைய வழி டிஎஃப்-ஐடிஎஃப், அதாவது இந்த பேப்பர்ல நிறைய வந்து மத்த பேப்பர்கள்ல அபூர்வமா வர்ற வார்த்தைக்கு வெயிட் ஜாஸ்தி, இந்த அபூர்வத்துக்கு வெயிட் குடுக்கற ஐடியா கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972லயே சொன்னது, இப்போ அதுக்கு பதிலா லாங்குவேஜ் மாடல் வச்சு பண்றாங்க. அப்புறம் கிட்ட கிட்ட இருக்கறதை ஒரே கூட்டமா சேர்த்து கலர் அடிச்சுடறது.

உங்க கேஸ்ல சிக்கல் எங்க வரும்னா, கெமிஸ்ட்ரி பேப்பர்ல அட்சார்ப்ஷன் (ஒரு பொருளோட மேல ஒட்டிக்கறது), பிஹெச்னு இருக்கும், சுகாதார பேப்பர்ல பல்லுல கறை, எலும்பு பாதிப்பு, எத்தனை குழந்தைங்கன்னு இருக்கும், ஃப்ளோரைடுங்கற ஒண்ணுதான் பொது. வார்த்தைய மட்டும் பாத்து கிளஸ்டர் பண்ணா உங்க டிபார்ட்மென்ட் போர்டையே திருப்பி கலர்ல எழுதிக் குடுக்கும். அதுவும் கே-மீன்ஸ்ங்கற கிளஸ்டரிங் முறைன்னா ஒரு பேப்பரை ஒரே ஒரு டப்பாக்குள்ள தள்ளிடும், ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்கற பேப்பர்தான் உங்களுக்கு வேணும், அதுதான் காணாம போகும். பிளெய், ஆண்ட்ரூ இங், ஜோர்டன் மூணு பேரும் 2003ல போட்ட எல்டிஏ மாதிரி டாபிக் மாடல் யூஸ் பண்ணுங்க, ஒரு பேப்பர்ல பாதி இந்த டாபிக் பாதி அந்த டாபிக்னு காட்டும், அப்படி கலந்து வர்றதை மட்டும் தனியா எடுத்து மூணு டிபார்ட்மென்டும் படிங்க.

இன்னொரு வேலையும் கண்டிப்பா பண்ணணும், ரெண்டு மேப் போடுங்க. ஒண்ணு வார்த்தைய வச்சு. இன்னொண்ணு சைட்டேஷன வச்சு, அதாவது எந்த ரெண்டு பேப்பர் அதே பழைய பேப்பர்களைக் காட்டியிருக்குன்னு (கெஸ்லர் 1963ல சொன்ன முறை). விஷயத்துல ரெண்டு பேப்பர் ஒட்டி இருந்தும் சைட்டேஷன்ல ஒண்ணோட ஒண்ணு பேச்சுவார்த்தையே இல்லேன்னா, அங்கதான் உங்களுக்கு வேலை இருக்கு.

இதுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. டான் ஸ்வான்சன், சிகாகோ யுனிவர்சிட்டில தகவல் அறிவியல் பக்கம் இருந்தவர், டாக்டர் கிடையாது. ரேனாட்னு ஒரு பிரச்சனை, குளிர் பட்டா விரல்ல ரத்த ஓட்டம் கொறஞ்சு வெளுத்துப் போகும். அந்த பேப்பர்கள்ல ரத்தம் கெட்டியா இருக்கு, பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கற அணுக்கள்) ஒட்டிக்குதுன்னு எழுதியிருந்தாங்க. மீன் எண்ணெய் பேப்பர்கள்ல அதே ரெண்டையும் இது கொறைக்குதுன்னு எழுதியிருந்தாங்க. இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் படிக்கவே இல்ல. ரெண்டையும் சேர்த்து வச்சு மீன் எண்ணெய் உதவலாமேன்னு 1986ல அவர் எழுதினார், 1989ல ஒரு சின்ன மருத்துவ சோதனைல வேற நோயோட தொடர்பில்லாம தானா ரேனாட் வந்தவங்களுக்கு பலன் தெரிஞ்சுது, வேற நோயால வந்தவங்களுக்கு தெரியல. அவர்கிட்ட கலர் மேப்லாம் இல்ல, இடைவெளி எங்கன்னு தேடினார், அவ்வளவுதான்.

அப்புறம் கிளஸ்டருக்குப் பேர் வைக்கறத கம்ப்யூட்டர்காரங்ககிட்ட விட்டுடாதீங்க. ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தனித்தனியா பேர் எழுதிட்டு வரட்டும், ஒரே கிளஸ்டருக்கு மூணு வேற வேற பேர் வந்தா அன்னிக்கு மீட்டிங் களைகட்டும்.

கேள்வி: மேப்ல ரெண்டு கூட்டம் தள்ளித் தள்ளி இருந்தா விஷயமும் அவ்வளவு தூரம்னு அர்த்தமா?

பதில்: இல்லீங்க. வான் டெர் மாட்டனும் ஹின்டனும் 2008ல கொண்டுவந்த டி-எஸ்என்இ, அதாவது அந்த நம்பர்களை மேப் படமா மாத்தற முறை, பக்கத்துல இருக்கறத பக்கத்துல வைக்கத்தான் பாக்கும், தூரத்துக்கு அது பொறுப்பில்ல. அதே வேலைக்கு அப்புறம் வந்த யூமேப்லயும் தூரத்தை அப்படியே நம்பக்கூடாது. செட்டிங்கை மாத்தி நாலஞ்சு தடவை ஓட்டுங்க, ஒவ்வொரு தடவையும் எடம் மாறினா அந்த தூரத்தை மறந்துடுங்க. ஜெர்மனி டூபிங்கன் யுனிவர்சிட்டிகாரங்க பப்மெட்ங்கற மருத்துவ பேப்பர் டேட்டாபேஸ்ல இருந்து சுமார் 2.1 கோடி அப்ஸ்ட்ராக்ட எடுத்து இப்படி ஒரு மேப் போட்டு 2024ல வெளியிட்டாங்க, அதுல கோவிட் பேப்பர்லாம் மத்ததோட ஒட்டாம தனியா நிக்கும். படத்தைப் பாத்து மட்டும் இப்படி முடிவு கட்டாதீங்க, படமாக்கறதுக்கு முன்னாடி இருக்கற நம்பர்லயே அந்த பேப்பர்களோட பக்கத்துல எது இருக்குன்னு எண்ணிப் பாக்கணும்.

கேள்வி: கோடிங் தெரியாது. ஃப்ரீயா ஏதாவது?

பதில்: நெதர்லாந்து லைடன் யுனிவர்சிட்டில செஞ்ச விஓஎஸ்வியூவர், ஃப்ரீதான். ஸ்கோபஸ்ங்கற பேப்பர் டேட்டாபேஸ்ல இருந்தோ பப்மெட்ல இருந்தோ எடுத்த ஃபைலை குடுத்தா மேப் வந்துடும். அவசரத்துக்கு வியன்னாகாரங்களோட ஓப்பன் நாலெட்ஜ் மேப்ஸ், ஒரு வார்த்தைய அடிச்சா பொருத்தமான 100 பேப்பரை வட்டம் வட்டமா பிரிச்சுக் காட்டும். 100தான், அதை வச்சு துறையே தெரிஞ்சுபோச்சுன்னு கெளம்பிடாதீங்க.

கேள்வி: தமிழ் கட்டுரைகளை வச்சு இதே வேலை பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், ஆனா வார்த்தையை எண்ணற முறைல நீர், நீரை, நீரில், நீருக்கு எல்லாம் வேற வேற வார்த்தைன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். முதல்ல வேர்ச்சொல் பிரிக்கற டூல் போடுங்க, இல்லேன்னா பல மொழில பழகின மாடல் வச்சு நம்பரா மாத்துங்க. ரெண்டாவது வழில இங்கிலீஷ் பேப்பரும் தமிழ் கட்டுரையும் ஒரே மேப்ல வரும், ஆனா மொழி வாரியா பிரிஞ்சு நிக்குதா, விஷயம் வாரியான்னு மொதல்ல பாத்துக்கோங்க.